சீனிப் பை உடைத்த நாள்: வன்னிக் கிராமமொன்றில் ஒரு சுகாதாரத் திட்டத்தை மதிப்பிட்ட கதை

கடைக் கொப்பியில் சீனி விற்பனை கூடியிருந்தது. வீடுகளில் கேட்டால் சீனி குறைந்துவிட்டது என்றார்கள். ஒரே கிராமம், ஒரே காலம். இந்த முரணை வைத்துக்கொண்டு நாங்கள் மூன்று பேர் ஒரு கிழமை மண்டையை உடைத்தோம். பிறகு பிழையான ஒரு விளக்கத்தை அறிக்கையில் எழுதி அனுப்பியும் விட்டோம். சரியான விளக்கம் பிறகு ஒரு மத்தியானம் பொதுநோக்கு மண்டபத்தில் சிரிப்போடு சிரிப்பாக வந்தது.

கிராமம் கிளிநொச்சி மாவட்டத்தில், இரணைமடுத் தண்ணீர் பாயும் வாய்க்கால் கரையில் இருக்கிறது. போர் முடிந்து, முகாமில் இருந்துவிட்டு 2010 இல் மீளக் குடியேறியவர்கள்தான் பெரும்பாலும். நெல்தான் முக்கியம், காலபோகம் எல்லோருக்கும், சிறுபோகம் குளத்தில் நீர் இருக்கிற அளவுக்கு. கணவரை இழந்து தனியே குடும்பத்தைச் சுமக்கும் பெண்கள் பலர். கிராமத்தின் பெயரை எழுதவில்லை. காரணம் போகப்போகத் தெரியும்.

திட்டம்

நீரிழிவுக்கு இங்கே ‘சீனி வருத்தம்’ என்றுதான் பெயர். ‘அவவுக்குச் சீனியாம்’ என்றால் கிளினிக் கொப்பி எடுத்துவிட்டார் என்று அர்த்தம். ஒரு தொண்டு நிறுவனமும் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையும் சேர்ந்து 2021 தொடக்கத்தில் ஒரு திட்டத்தைக் கொண்டுவந்தன. தேத்தண்ணியில் சீனியைக் குறைப்பது, மாலையில் நடப்பது, 35 வயது தாண்டியவர்களைச் சீனியும் பிரசரும் பார்க்க அனுப்புவது என்று மூன்று வேலை. மாதர் சங்கத்தின் ஊடாக மாதம் இரண்டு கூட்டம்.

சீனியைப் பிடித்ததில் நியாயம் இருக்கிறது. பெரியவர் ஒருவர் நாளில் எடுக்கும் சக்தியில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் சேர்க்கப்பட்ட சீனியிலிருந்து வரக்கூடாது, அதைப் பாதியாக்கினால் இன்னும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2015 இல் சொன்னது. 2,000 கலோரி எடுப்பவருக்கு அது 50 கிராம். பாதியாக்கினால் 25 கிராம். வயலுக்குப் போகும் ஒருவர் நாளுக்கு ஐந்து தேத்தண்ணி, ஒவ்வொன்றிலும் இரண்டு கரண்டி குவித்துக் குடித்தால், சோற்றுக்கு முன்னமே அந்த 50 ஐத் தாண்டிவிடுவார். சோடாப் போத்தலில் சிவப்பு, மஞ்சள், பச்சை அடையாளம் இலங்கையில் 2016 இல் வந்தது. தேத்தண்ணிக் கோப்பையில் அப்படி யாரும் ஒன்றும் ஒட்டுவதில்லை.

நான் திட்டத்தில் வேலை செய்தவள் அல்ல. இரண்டரை வருடம் கழித்து, 2023 புரட்டாசியில், மதிப்பீட்டுக்கு என்று கூப்பிடப்பட்ட மூவரில் ஒருத்தி.

கரண்டி

கையில் தந்த வினாக்கொத்தில் முக்கியமான கேள்வி இதுதான்: ‘ஒரு கோப்பைக்கு எத்தனை கரண்டி சீனி போடுவீர்கள்?’ தொடக்கத்திலும் இதையே கேட்டிருந்தார்கள். அப்போது இரண்டு, மூன்று என்று வந்தது. இப்போது ஒன்று, ஒன்றரை. அத்தோடு விட்டிருந்தால் அறிக்கை நல்ல வடிவாக முடிந்திருக்கும்.

முதல் நாளே ஒரு வீட்டில், ஒரு கரண்டி என்று சொன்ன அம்மா, சொல்லி முடித்த கையோடு எங்களுக்குத் தேத்தண்ணி போட்டார். கரண்டி ஒன்றுதான். ஆனால் அது பிள்ளைக்குச் சோறு தீத்துகிற கரண்டி, அதையும் குவித்து அள்ளினார். கேட்டதற்கு, முந்தி இருந்த தேக்கரண்டி துருப்பிடித்துவிட்டது என்றார். அன்றைக்குப் பின்னேரம் கடைக்காரரிடம் சிறிய டிஜிட்டல் தராசைக் கடன் வாங்கினோம். தேக்கரண்டியை மட்டமாகத் தட்டி அள்ளினால் சீனி 4 கிராமுக்குக் கிட்ட நின்றது. அதே கரண்டியைக் குவித்தால் ஏறக்குறைய இரண்டு மடங்கு. அந்த அம்மாவின் கரண்டியை நிறுக்கவே பயமாக இருந்தது. அளவுகோலே வீட்டுக்கு வீடு மாறும்போது ‘எத்தனை’ என்று கேட்டு என்ன பயன்?

இன்னொன்றும் நடந்தது. சீனி குறைத்துவிட்டோம் என்று சொன்ன வீடுகளில் எல்லாம் எங்களுக்கு வந்தது பாகு போன்ற தேத்தண்ணி. இரண்டாம் நாள் முடிவில் நானே பதினொரு கோப்பை குடித்திருந்தேன். சீனியைக் குறைக்கச் சொல்லும் திட்டத்தை மதிப்பிடப் போய் எங்களுக்குச் சீனி வருத்தம் வந்துவிடும் போலிருந்தது. ஏன் என்று ஒருவரைக் கேட்டேன். ‘வந்தவைக்குச் சப்பெண்டு தேத்தண்ணி குடுத்தா நாளைக்கு ஊரெல்லாம் கதைப்பினம், பிள்ளை’ என்றார். விருந்தாளிக்குப் போகும் சீனி எங்கள் வினாக்கொத்தில் எந்தப் பெட்டிக்குள்ளும் இல்லை. கலியாணம், செத்தவீடு, அந்தியேட்டி என்று ஊரில் ஏதாவது நடக்காத கிழமை குறைவு.

கலண்டர்

எங்களைக் காப்பாற்றியது வினாக்கொத்து அல்ல, சுவரில் தொங்கிய கலண்டர்கள். திட்டம் தொடங்கி இரண்டு மூன்று கூட்டத்துக்குள், சங்கத்திலிருந்த ஒரு அக்கா ஒரு யோசனை சொல்லியிருக்கிறார். கரண்டி எண்ணிக்கொண்டிருக்க யாருக்கு நேரம்? ஒரு கிலோச் சீனிப் பையை எந்த நாளில் உடைக்கிறோமோ அந்த நாளைக் கலண்டரில் வட்டம் போடுவோம். ஒரு வட்டத்துக்கும் அடுத்த வட்டத்துக்கும் இடையில் நாள் கூடினால் சீனி குறைந்திருக்கிறது. அவ்வளவுதான் கணக்கு. திட்ட ஆவணங்களில் இது எங்கும் இல்லை. களத்தில் நின்ற உத்தியோகத்தர் ஒருவர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரிய வந்தது.

ஒரு வீட்டுக் கலண்டரைச் சொல்கிறேன். ஐந்து பேர்: அம்மம்மா, மகள், மருமகன், பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகள். பழைய கலண்டர்களை எறியாமல் ஒன்றன்மேல் ஒன்றாக அதே ஆணியில் தொங்கவிட்டிருந்தார்கள். 2021 நடுப்பகுதியில் ஆறு நாளுக்கு ஒரு வட்டம். அந்த வருடக் கடைசியில் எட்டு, ஒன்பது நாள். 2022 சித்திரைக்குப் பிறகு வட்டங்கள் திடீரென்று தூரம் தூரமாகப் போகின்றன: பதினான்கு, பதினாறு. ஒரு மாதத்தில் வட்டமே இல்லை. 2023 இல் திரும்பிக் கிட்ட வந்து பத்து, பதினொன்றில் நிற்கின்றன. நடுவில் மூன்று நாளுக்குள் இரண்டு வட்டம். பக்கத்தில் ‘அப்பா திவசம்’ என்று பென்சிலால் எழுதியிருந்தது.

எனக்கு இதைவிட நல்ல தரவு வாழ்க்கையில் கிடைத்ததில்லை. வருடம், போகம், விலைவாசி, விருந்து எல்லாம் அந்த ஒரு ஆணியில் தொங்கின. வினாக்கொத்து இரண்டு நாளை மட்டும் படம் பிடித்தது: 2021 மாசியும் 2023 புரட்டாசியும். மாசி காலபோக அறுவடைக் காலம். வயலுக்கு வாளி வாளியாகத் தேத்தண்ணி போகும். புரட்டாசி இரண்டு போகத்துக்கும் இடைப்பட்ட காய்ந்த மாதம். வேலையும் இல்லை, கையில் காசும் இல்லை. யாரும் ஒன்றும் செய்யாமல் இருந்தாலும் மாசியைவிடப் புரட்டாசியில் சீனி குறைந்துதான் இருக்கும். இதைத் திட்டத்தின் வெற்றி என்று எழுதுவது வெயில் அடித்ததற்குக் குடைக்காரனைப் புகழ்வது போன்றது.

2022 ஐயும் மறக்க முடியாது. முந்தின வருட உரத்தடையால் விளைச்சல் விழுந்திருந்தது. பங்குனியில் ரூபாய் சரிந்து எல்லாப் பொருளும் விலை ஏறியது. மண்ணெண்ணெய்க்கும் காஸுக்கும் வரிசை. பால்மா காணாமல் போனது. அந்த மாதங்களில் வட்டம் தூரப் போனது திட்டம் நடத்திய கூட்டங்களால் அல்ல, பேர்ஸ் வெறுமையானதால். ஆனால் கலண்டரில் இரண்டு விடயம் தெளிவாக இருக்கிறது. 2022 இன் பெரிய விலையேற்றத்துக்கு முன்னமே ஆறு நாள் ஒன்பதாகிவிட்டது. வேலை வெட்டி திரும்பிய பிறகும் பழைய ஆறுக்குப் போகவில்லை. திட்டத்தின் பங்கு அந்த இரண்டு இடத்தில்தான் இருக்கிறது. பதினாறில் அல்ல. நிதி கொடுத்தவர்களுக்கு அனுப்பிய முதல் வரைவில் பதினாறு நாள்தான் கொட்டை எழுத்தில் இருந்தது என்பதையும் இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும்.

விலைவாசி செய்த ஒரு நல்ல காரியமும் உண்டு. சீனியைக் கோப்பைக்குள் போட்டுக் கலக்காமல், உள்ளங்கையில் கொஞ்சம் வைத்து நக்கிக்கொண்டு குடிக்கும் பழைய பழக்கம் திரும்பி வந்தது. சில வீடுகளில் பனங்கட்டித் துண்டைக் கடித்துக்கொண்டு. கையில் ஒரு கரண்டி இருந்தால் ஒரு கோப்பை முழுக்கக் காணும். ‘இது எங்கட அப்பு குடிச்ச முறை. நீங்கள் வந்து படிப்பிச்சதில்லை’ என்று ஒரு பெரியவர் எனக்குச் சொன்னார். சரி, அதையும் அப்படியே எழுதிக்கொண்டேன்.

வாசித்துக் காட்டிய நாள்

கடைக் கொப்பிக்கு வருகிறேன். ஊர்க் கடை ஒன்று தன் மொத்தக் கொள்முதலைப் பார்க்க விட்டது. 2023 இல் சீனி மூட்டைகள் முன்னையதைவிடக் கூட இறங்கியிருந்தன. கலண்டர் குறைவு என்கிறது, கொப்பி கூட என்கிறது. நாங்கள் பாடப்புத்தகத்தைத் திறந்தோம். கேட்பவருக்குப் பிடித்த பதிலைச் சொல்வது என்று ஒன்று அதில் உண்டு. ‘திட்டத்தினர் எதிர்பார்ப்பதை மக்கள் சொல்லியிருக்கக்கூடும்’ என்று ஒரு பந்தி எழுதி, ஆங்கில வரைவை கொழும்புக்கு அனுப்பினோம். மரியாதையான வார்த்தைகள்தான். ஆனால் ஊர் பொய் சொல்லிவிட்டது என்பதுதான் அதன் பொருள்.

வழக்கமாக இந்த வேலை அந்த இடத்தோடு முடியும். அறிக்கை ஒரு அலுமாரிக்குள் போகும். அப்பகுதிக் குடும்பநல உத்தியோகத்தர்தான் விடவில்லை. ‘இவ்வளவு பேரைக் கேள்வி கேட்டுவிட்டு, என்ன கண்டுபிடித்தீர்கள் என்று ஒருநாளாவது அவர்களிடம் சொல்லமாட்டீர்களா?’ என்று நேரே கேட்டார். எங்களிடம் பதில் இல்லை. கடதாசியில் பெரிய எழுத்தில் ஒன்பது வரி எழுதிக்கொண்டு மண்டபத்துக்குப் போனோம்.

கடைக் கணக்கு வரியை நான் வாசித்ததும் பின் கதிரைகளில் சிரிப்பு. முன்னால் இருந்த அம்மா ஒருவர் திரும்பி அவர்களை அதட்டினார், பிறகு அவரும் சிரித்தார். ‘பிள்ளை, அந்தச் சீனி தேத்தண்ணிக்கு வாங்கினதில்லை. கோடா போட வாங்கினது.’

கோடா என்பது சீனியையும் ஈஸ்ட்டையும் தண்ணீரில் போட்டுப் புளிக்க வைக்கும் கலவை. அதைக் காய்ச்சி வடித்தால் கசிப்பு என்கிற கள்ளச்சாராயம். கடைச் சாராயம் விலை ஏறிப்போக, காட்டுக் கரையில் காய்ச்சுவது கூடியிருந்தது. ‘ஒரு தரத்தில பத்துக் கிலோ வாங்கிறவன் என்ன தேத்தண்ணிக் கடையோ வைச்சிருக்கிறான்?’ என்று இன்னொருவர் கேட்டார். கடைக்காரருக்கும் தெரியும், பெண்களுக்கும் தெரியும், பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். தராசும் வினாக்கொத்தும் கொண்டு வந்த எங்களுக்குத்தான் தெரியாது.

அதற்குப் பிறகு மண்டபம் எங்கள் கையில் இல்லை. வரைவில் இருந்த ஒவ்வொரு வரியாகத் திருத்தத் தொடங்கினார்கள். செவ்வாய்க்கிழமைக் கூட்டங்களுக்கு வரவு குறைந்ததை ஆர்வக் குறைவு என்று எழுதியிருந்தோம். செவ்வாய் நுண்கடன் காசு அறவிட வரும் நாள். கட்ட வழியில்லாதவர்கள் அன்று வீட்டிலும் இருக்க மாட்டார்கள், மண்டபத்திலும் இருக்க மாட்டார்கள். கூட்டத்தை வியாழனுக்கு மாற்றச் சொல்லி இரண்டு முறை சொன்னார்களாம். வாகனம் செவ்வாயில்தான் கிடைக்கும் என்று பதில் வந்ததாம்.

அப்புறம் ஒரு இளம் பெண், அதுவரை வாய் திறக்காதவர், மெதுவாகச் சொன்னது என்னை இன்னும் விடவில்லை. ‘நாங்கள் கிலோப் பை வாங்கிறேல்லையே, அக்கா. நூறு கிராம்தான் வாங்குவம். எதுக்கு வட்டம் போடுறது?’ நாட்கூலி வீடுகள் அன்றன்றைக்குக் கடையில் சுற்றித் தரும் சின்னச் சரையைத்தான் வாங்கும். நான் மேலே புகழ்ந்த கலண்டர் முறை, கிலோவாக வாங்க வசதியுள்ள வீடுகளின் முறை. ஊரிலேயே மிகவும் ஏழை வீடுகள் அதில் ஒரு புள்ளியாகக்கூட இல்லை. மதிப்பீட்டில் திட்டம் யாரை எட்டியது என்பது முதல் கேள்வி, ரீ-எய்ம் என்ற சட்டகம் 1999 இல் இருந்து அந்த வரிசையில்தான் கேட்கிறது. நாங்கள் வரவுப் பதிவேட்டில் கையெழுத்துகளை எண்ணி அந்தக் கேள்வியைத் தாண்டிப் போயிருந்தோம்.

நோய் குறைந்ததா என்று கேட்பவர்களுக்கு: தெரிவதற்கு இந்தக் காலம் காணாது, கிராமமும் சின்னது. அதோடு புதிதாகச் சோதிக்கப் போகிறவர்கள் கூடக்கூட, நோயாளிகளின் எண்ணிக்கை கூடுவது போலத்தான் முதலில் தோன்றும். அது கெட்ட செய்தி அல்ல.

எதை, யாருக்குச் சொல்வது

திருத்திய அறிக்கையில் கசிப்பு விடயத்தைச் சேர்த்தோம். சேர்க்காவிட்டால் ஊர் பொய் சொன்னது என்ற பந்தியை எடுக்க முடியாது. மண்டபச் சுவரில் ஒட்டுவதற்கு ஒரு பக்கத் தமிழ்ச் சுருக்கமும் அடித்தோம். ஒட்டப் போன அன்று சங்கத் தலைவி தனியாகக் கூப்பிட்டார். அந்த வரியை எடுத்துவிடச் சொன்னார். அவருக்குப் பயம் பொலிஸ் அல்ல. காய்ச்சுபவர்களில் இரண்டு பேர் அந்தச் சங்கத்துப் பெண்களின் வீட்டுக்காரர். சுவரில் எழுத்தாகப் பார்த்தால் அன்றிரவு அடி யாருக்கு விழும் என்று அவருக்குத் தெரியும்.

எடுத்துவிட்டோம். பிரதேச சுகாதாரக் கூட்டத்தில் கிராமப் பெயர் இல்லாமல் வாயால் சொன்னோம். இப்போது இங்கே எழுதுவதும் அதே நிபந்தனையில்தான். பாடங்களைப் பகிர்வது நல்லது என்று எல்லாத் திட்ட முன்மொழிவிலும் கடைசிப் பந்தியில் எழுதுகிறோம். பகிர்ந்த பிறகு அந்த ஊரில் இருக்கப் போவது எழுதியவர் அல்ல.

பக்கத்து ஊரிலிருந்து ஒரு குழு பார்க்க வந்தது. இரண்டு மணித்தியாலம் பேசினார்கள், படம் எடுத்தார்கள். திட்டம் கொடுத்த சின்னத் தேக்கரண்டி எங்கே வாங்கியது என்று விசாரித்தார்கள். சில மாதம் கழித்து அங்கே போனபோது எல்லா வீட்டிலும் புதுக் கரண்டி இருந்தது, குவித்துத்தான் அள்ளினார்கள். கலண்டர் வட்டத்தை அவர்கள் கொண்டுபோகவில்லை. அதைத் தங்கள் ஊர்ப் பெண்களே யோசித்து எடுத்திருந்தால் வேறு ஏதாவது, ஒருவேளை நூறு கிராம் சரைக்கும் பொருந்துகிற ஒன்று, வந்திருக்கும். ஒட்டாவாவில் 1986 இல் எழுதிய பட்டயம் சுகாதார மேம்பாட்டை, தங்கள் உடல்நலத்தின் மேல் மக்கள் தங்கள் பிடியைக் கூட்டிக்கொள்ள வழி செய்வது என்றுதான் சொல்கிறது. பிடி கரண்டியில் இல்லை.

வாகனம் போன பிறகு என்ன ஆகும் என்ற கேள்வியை வன்னியில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. மலேரியா தெரிந்த மண் இது. 1963 இல் நாடு முழுக்க 17 பேருக்குத்தான் மலேரியா என்று கணக்கு வந்தது. வெற்றி என்று நினைத்து மருந்தடிப்பைத் தளர்த்தினார்கள். அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் நோயாளர் 5 இலட்சத்தைத் தாண்டினார்கள். திரும்பக் கட்டுப்படுத்தி, உள்நாட்டில் தொற்றிய கடைசி நோயாளி 2012 இல் காணப்பட்டு, 2016 இல் உலக சுகாதார நிறுவனத்தின் சான்றிதழ் வரும்வரை அரை நூற்றாண்டு போனது. போர் நடந்த காலத்திலும் இங்கே இரத்தம் எடுத்துக் கண்ணாடித் தகட்டில் பூசிக்கொண்டு திரிந்த ஊழியர்களை வயதானவர்கள் இன்னும் நினைவு வைத்திருக்கிறார்கள். சீனி வருத்தத்துக்கு அப்படிச் சான்றிதழ் வாங்கும் நாள் ஒன்று கிடையாது. அதனால் திட்டம் முடிந்து ஒரு வருடம் கழித்துப் போய்ப் பார்க்க ஒரு சிறு தொகையை ஒதுக்கும்படி பரிந்துரைத்தோம். ஒதுக்கப்படவில்லை.

நான் என் பாட்டில் போனேன், தைப்பொங்கல் முடிந்த கிழமை. திட்டக் கலண்டர் அந்த வருடம் வரவில்லை. கூட்டம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறையாகச் சுருங்கி, ஆனால் வியாழனுக்கு மாறியிருந்தது. நூறு கிராம் வாங்கும் வீடுகளில் சிலர் சரைக் கடதாசியை எறியாமல் கம்பியில் குத்தி வைத்து மாதக் கடைசியில் எண்ணுகிறார்களாம். எத்தனை வீடு என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அதற்கும் ஒரு தேத்தண்ணி வந்திருக்கும்.

அம்மம்மா வீட்டில் அதே ஆணியில் புதுக் கலண்டர் தொங்கியது. வருடப் பிறப்புக்கு ஊர்க் கடை இலவசமாகக் கொடுத்தது. மேலே லட்சுமி படம், கீழே கடையின் பெயர், சில்லறைக்கும் மொத்தத்துக்கும் சீனி கிடைக்கும் என்று ஒரு வரி. தை (ஜனவரி) 4 இல் ஒரு வட்டம். 15 இல் ஒன்று, பக்கத்தில் ‘பொங்கல்’ என்று பென்சிலால்.